பெயரெழுதாத கல்லறைகள்: ராக் அண்ட் ரோலைத் தொடங்கிவைத்த கறுப்புப் பெண்கள்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



‘கறுப்பர் இசையும் கலகமும்’ என்று நோட்டீஸில் தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். நான் இசை படித்தவள் இல்லை. ஸ்வரம் தெரியாது. ஒரு கருவியும் வாசிக்க வராது. காது மட்டும் இருக்கு. அந்தக் காதை யார் எப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள், அது எப்போது கொஞ்சம் திருந்தியது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல முடியும்.

விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் பக்கத்து அறைத் தோழி ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தாள். அவளிடம் எல்விஸ் பிரெஸ்லி கேசட் ஒன்று இருந்தது. அதிலே ‘ஹவுண்ட் டாக்’ என்று ஒரு பாட்டு. நாய் என்கிற ஒரு சொல் மட்டும் எங்களுக்குப் புரியும். நாயைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு என்று நினைத்துக்கொண்டு ஆடுவோம். கேசட் அட்டையில் எல்விஸ் படம். ‘ராக் அண்ட் ரோலின் ராஜா’ என்று கீழே போட்டிருந்தது. ராஜா என்றால் ராஜாதான். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, ஒரு நண்பர் அதே பாட்டை வேறொரு குரலில் போட்டுக் காட்டினார். கனத்த, கரகரத்த பெண் குரல். பாட்டு பாதி வேகத்தில் நடக்கிறது. ஆனால் அதில் இருக்கிற கோபமும் எகத்தாளமும் எல்விஸ் பாட்டில் துளி கூட இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது நாயைப் பற்றிய பாட்டே இல்லை. தன் காசில் தின்றுகொண்டு, வேறு பெண்கள் பின்னால் அலைகிற ஆம்பளை ஒருத்தனை, ஒரு பெண் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற பாட்டு. பாடியவர் வில்லி மே தார்ன்டன். ‘பிக் மாமா’ தார்ன்டன் என்று அழைப்பார்கள். பதிவான நாள் 1952 ஆகஸ்ட் 13. எல்விஸ் அதைப் பதிவு செய்தது 1956 ஜூலையில். நடுவில் ஏறத்தாழ நான்கு வருடம்.

அந்த நான்கு வருடத்தில் என்ன நடந்தது என்பதுதான் என்னைத் துரத்திய கேள்வி.

முதலில் தார்ன்டன் யாருன்னு பார்ப்போம். 1926-இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். அம்மா தேவாலயத்தில் பாடுகிறவர். சிறுவயதிலேயே அம்மா இறந்துபோகிறார். பிழைப்புக்காக ஒரு சாராயக் கடையில் தரை கழுவுகிறார். எச்சில் துப்புகிற கிண்ணங்களைக் கழுவுகிறார். பதின்பருவத்திலேயே ஊரை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகப் போகிற கறுப்பர் ஆடல் பாடல் குழுவோடு சேர்ந்துகொள்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் டிரம்ஸும் மவுத் ஆர்கனும் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார். பெண் என்றால் இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று இருந்த காலத்தில், சட்டையும் பேண்ட்டும் தொப்பியுமாக மேடையேறிய பெண் அவர்.

‘ஹவுண்ட் டாக்’ பாட்டை எழுதியவர்கள் ஜெர்ரி லைபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளை யூத இளைஞர்கள். இருவருக்கும் அப்போது 19 வயது. தார்ன்டனைப் பார்த்து, அவருக்காகவே எழுதினார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காகிதத்தில் இருந்ததை இசையாக்கியது தார்ன்டனின் குரல். 1953-இல் வெளிவந்து, ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 7 வாரம் முதலிடத்தில் நின்றது. அதற்காகத் தனக்கு வந்தது 500 டாலருக்கு ஒரே ஒரு செக், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை என்று தார்ன்டன் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு லாஸ் வேகாஸில் ஃப்ரெடி பெல் என்ற வெள்ளைப் பாடகரின் குழு சொற்களை மாற்றி, நிஜமாகவே நாயைப் பற்றிய வேடிக்கைப் பாட்டாக ஆக்கியது. எல்விஸ் கேட்டு எடுத்துக்கொண்டது அதைத்தான். லட்சம் லட்சமாக விற்றது.

கவனியுங்க தோழர்களே. இங்கே போனது பணம் மட்டும் இல்லை. ஒரு பெண் ஆணை வெளியே தள்ளும் பாட்டு, அந்தப் பெண் இல்லாத பாட்டாக ஆகிவிட்டது. பொருளையே உருவி எடுத்துவிட்டார்கள். நாங்கள் விடுதியில் ஆடியது அந்த உருவப்பட்ட கூட்டுக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தார்ன்டனின் இசைத்தட்டை வெளியிட்ட பீகாக் கம்பெனியின் முதலாளி டான் ரோபி ஒரு கறுப்பர். கறுப்பர் கையில் கம்பெனி இருந்தால் கறுப்புப் பாடகிக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று நாம் நினைப்போம். கிடைக்கவில்லை. நிறம் ஒன்று என்பதால் கணக்குப் புத்தகம் நேராகிவிடாது. அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சரி, இந்த இசைக்கு ‘ராக் அண்ட் ரோல்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? புத்தகங்களில் ஆலன் ஃப்ரீட் என்ற வெள்ளை வானொலி அறிவிப்பாளர் பெயர் இருக்கும். 1951 முதல் கிளீவ்லாண்ட் நகரத்தில் அவர் நடத்திய நிகழ்ச்சி இந்தச் சொல்லைப் பரப்பியது, உண்மைதான். ஆனால் 1922-லேயே டிரிக்ஸி ஸ்மித் என்ற கறுப்புப் பாடகி பதிவு செய்த ஒரு பாட்டின் தலைப்பில் ‘ராக்’, ‘ரோல்’ என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. கறுப்பு மக்களின் பேச்சில் அந்தச் சொற்களுக்கு இரண்டு பக்கம் உண்டு. தேவாலயத்தில் ஆவி வந்து உடம்பு ஆடுவதும் அதுதான். படுக்கையில் நடப்பதும் அதுதான். இரண்டையும் கூச்சமில்லாமல் பாடியவர்கள் பெண்கள்.

அதற்கும் முன்னால், 1920-இல் மேமி ஸ்மித் என்ற கறுப்புப் பெண் ‘கிரேஸி ப்ளூஸ்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அது விற்ற விற்பனையைப் பார்த்துத்தான், கறுப்பர்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. உடனே ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று தனி வரிசை போட்டார்கள். இனத்தட்டுகள்! தனிக் குவளை மாதிரி தனித் தட்டு. விற்பனைப் பட்டியலும் தனி. 1949-இல்தான் ‘பில்போர்ட்’ பத்திரிகை அந்தப் பெயரை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது. பெயர் மாறியது, தனி வரிசை மாறவில்லை.

இப்போது நான் மிகவும் நேசிக்கிற பெண்ணுக்கு வருகிறேன். சிஸ்டர் ரோசெட்டா தார்ப்.

1915-இல் ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தவர். ஊர்ப் பெயரே ‘பருத்திச் செடி’. அம்மா கேட்டி பெல் நூபின் மாண்டலின் வாசித்துப் பாடி ஊழியம் செய்கிற பெண். அவர்கள் இருந்தது ‘சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட்’ என்ற பெந்தெகொஸ்தே சபை. பெரும்பாலும் ஏழைக் கறுப்பர்களின் சபை. அங்கே டிரம்ஸ், கிடார், சிங்கி எல்லாம் உண்டு. கைதட்டல் உண்டு, ஆட்டம் உண்டு. கொஞ்சம் வசதி வந்த கறுப்பர்களின் தேவாலயங்கள் இதை ‘நாகரிகம் இல்லாத சத்தம்’ என்று ஒதுக்கின. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே மேலே கீழே பார்க்கிற புத்தி நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் எந்தச் சத்தத்தை வெட்கப்படத்தக்கது என்று ஒதுக்கினார்களோ, அதுதான் பின்னால் உலகத்தையே ஆட வைத்தது.

நான்கு வயதிலேயே ரோசெட்டா கிடாரைத் தூக்கிவிட்டார். அம்மாவோடு சிகாகோ போனார். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பர்கள் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1938-இல் நியூயார்க். அக்டோபர் 31 அன்று டெக்கா கம்பெனிக்காக நான்கு பாட்டுகளைப் பதிவு செய்கிறார். அதில் ஒன்றின் பெயர் ‘ராக் மி’. பக்திப் பாட்டு, ஆனால் கேட்டால் கால் சும்மா இருக்காது. அதே வருடம் காட்டன் கிளப்பில் பாடுகிறார். காட்டன் கிளப் என்பது வசதியான வெள்ளையர்கள் உட்கார்ந்து குடிக்க, கறுப்பர்கள் ஆடிப் பாடுகிற இடம். டிசம்பர் 23 அன்று கார்னகி மண்டபத்தில் நடந்த ‘ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்’ என்ற புகழ்பெற்ற கச்சேரியிலும் மேடையேறுகிறார். கடவுள் பாட்டைச் சாராயக் கடைக்குக் கொண்டு போய்விட்டாள் என்று சபைக்காரர்கள் கொதித்தார்கள். அவர் அந்தப் பக்கமும் பாடினார், இந்தப் பக்கமும் பாடினார்.

1944-இல் ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். பியானோவில் சாமி பிரைஸ், கூட பாஸ், டிரம்ஸ். ரோசெட்டா கையில் மின்சாரக் கிடார். 1945-இல் அது இனத்தட்டுப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. இன்றைக்கு அதைக் கேட்டுப் பாருங்க. பியானோ உருளுகிறது, கைதட்டுகிற இடத்தில் டிரம்ஸ் அடி விழுகிறது, பாட்டு நிற்கிற இடத்தில் கிடார் தனியாகப் பேச ஆரம்பிக்கிறது. பத்து வருடம் கழித்து ஆண்கள் செய்யப்போவது எல்லாம் அதில் இருக்கிறது. ‘முதல் ராக் அண்ட் ரோல் தட்டு எது’ என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை முடியாது, முடியவும் வேண்டாம். எந்த இசையும் ஒரு நாளில், ஒரு ஆள் கையில் பிறப்பதில்லை. நான் கேட்பது வேறு. அந்தச் சண்டையில் இந்தத் தட்டின் பெயர் வருவதற்கே ஏன் இத்தனை வருடம் ஆச்சு?

1947-இல் ஜார்ஜியாவில் மேக்கன் நகர மண்டபத்துக்குக் கச்சேரிக்குப் போகிறார். அங்கே எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த ஒரு பையன் அவர் பாட்டைப் பாடுகிறான். அவனைக் கூப்பிட்டு மேடையில் பாட வைத்து, கையில் காசும் கொடுக்கிறார். பின்னால் உலகம் லிட்டில் ரிச்சர்ட் என்று கொண்டாடியவர் அந்தப் பையன்தான். 1992-இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கத்தில் சேர்க்கப்பட்டபோது ஜானி கேஷ், சின்ன வயதில் தனக்குப் பிடித்த பாடகி ரோசெட்டா என்று மேடையிலேயே சொன்னார். அதாவது பாடம் எடுத்தவர் யார் என்று படித்தவர்களுக்குத் தெரியும். வரலாறு எழுதியவர்கள்தான் எழுதவில்லை.

1951 ஜூலை 3 அன்று வாஷிங்டனில் கிரிஃபித் ஸ்டேடியத்தில் அவருக்குத் திருமணம். ஏறத்தாழ 25,000 பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தாலி கட்டு முடிந்த மாதிரி அந்தச் சடங்கு முடிந்ததும், மணப்பெண் கல்யாண உடுப்போடேயே மின்சாரக் கிடாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார். ஸ்டேடியக் கச்சேரி என்றால் அறுபதுகளில் வெள்ளைப் பையன்கள் ஆரம்பித்தது என்று நினைக்கிறவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே பெண், தெற்கு மாநிலங்களில் கச்சேரிக்குப் போனால் தங்க விடுதி கிடையாது. பேருந்திலேயே தூங்க வேண்டும். சாப்பாட்டுக் கடைக்குள் நுழைய முடியாது. கூடப் பாடிய வெள்ளைக் குழுவினர் உள்ளே போய்ச் சாப்பாடு வாங்கி வந்து கொடுக்க வேண்டும். இரவு ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டுவார்கள். கச்சேரி முடிந்ததும் அவருக்குப் படுக்க இடம் இருக்காது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு விளக்கம் தேவையும் இல்லை.

அவரைப் பாராட்டியவர்கள் என்ன சொல்லிப் பாராட்டினார்கள் தெரியுமா? ‘ஆம்பளை மாதிரி வாசிக்கிறாள்.’ இதைப் பாராட்டு என்றே நினைத்துச் சொன்னார்கள். இதன் அர்த்தம் என்ன? கிடார் ஆணுக்குச் சொந்தம், இவள் இரவல் வாங்கி வாசிக்கிறாள். ஆனால் உண்மை தலைகீழ். அவரைப் பார்த்துத்தான் பல ஆம்பளைகள் கற்றுக்கொண்டார்கள். அவர்களை யாரும் ‘ரோசெட்டா மாதிரி வாசிக்கிறான்’ என்று சொல்லவில்லை.

மின்சாரக் கிடார் என்றதும் இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். மெம்ஃபிஸ் மின்னி. நிஜப் பெயர் லிஸ்ஸி டக்ளஸ், பிறந்தது 1897. சிறுமியாக வீட்டை விட்டு ஓடிவந்து மெம்ஃபிஸ் நகரத்து பீல் தெருவில் வாசித்துப் பிழைத்தவர். 1927-இல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துப் பெருவெள்ளம் வந்தது. கறுப்பு விவசாயக் கூலிகளைத் துப்பாக்கி முனையில் கரை அடைக்கும் வேலைக்கு நிறுத்தினார்கள். முகாம்களை விட்டு வெளியேற விடவில்லை. போய்விட்டால் பருத்தி வயலுக்கு ஆள் கிடைக்காதே! அந்த வெள்ளத்தைப் பற்றி 1929-இல் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ என்ற பாட்டை மின்னியும் அவர் கணவர் கான்சாஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்தார்கள். பாடியவர் ஜோ, கூடச் சேர்ந்து கிடார் வாசித்தவர் மின்னி. 1971-இல் லெட் ஜெப்லின் என்ற இங்கிலாந்து ராக் குழு அதை எடுத்துப் பாடி உலகம் முழுக்கக் கொண்டு போனது. கரையில் நின்ற கூலிகளை யாருக்கு ஞாபகம் இருக்கு?

1942 வருடக் கடைசி இரவில் சிகாகோவில் ஒரு கிளப்பில் மின்னி மின்சாரக் கிடார் வாசித்ததைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் நேரில் கேட்டு, ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பர் பத்திரிகையில் எழுதினார். அந்தச் சத்தம் இரும்பாலை இரைச்சலைப் போல் இருந்தது என்கிறார். அதில் அவர் கவனித்த இன்னொரு விஷயம்தான் முக்கியம். அந்தக் கிளப்பை நடத்துகிறவர்கள் கறுப்பர்கள் இல்லை. அவர்கள் சிரிக்கவில்லை, கைதட்டவில்லை, தாளத்துக்கு அசையக்கூட இல்லை. கல்லாப்பெட்டியில் நின்று பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கவிஞன் கண் என்றால் இதுதான். ராக் அண்ட் ரோல் பிறப்பதற்கு முன்னாலேயே அதன் அரசியல் பொருளாதாரத்தை எழுதிவிட்டார்.

அந்தக் கல்லாப்பெட்டி எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் நுட்பமாகப் பார்க்கலாம்.

அய்ம்பதுகளில் ஒரு பழக்கம் இருந்தது. கறுப்புப் பாடகி ஒருத்தியின் பாட்டு நன்றாகப் போகிறது என்றால், உடனே ஒரு வெள்ளைப் பாடகியை வைத்து அதே பாட்டை, அதே இசைக்கோர்வையோடு, அதே ஏற்ற இறக்கத்தோடு பதிவு செய்து வெள்ளை வானொலிகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். லவெர்ன் பேக்கர் என்ற பாடகியின் ‘ட்வீடில் டீ’ பாட்டுக்கு இதுதான் நடந்தது. 1955-இல் ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகியின் நகல் மூலத்தைத் தாண்டி விற்றது. பதின்வயதுப் பெண்ணாக எட்டா ஜேம்ஸ் பாடிய ஒரு பாட்டையும் அதே கிப்ஸ் பாடி, அது பெரிய வெற்றி. அதில் ‘ரோல்’ என்ற சொல் ஆபாசம் என்று சொல்லி ‘டான்ஸ்’ என்று மாற்றிவிட்டார்கள். சொல்லையும் குளிப்பாட்டித்தான் வீட்டுக்குள் விட்டார்கள்.

இது திருட்டு இல்லையா என்றால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி இல்லை. 1909-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டை எழுதியவருக்குத்தான் உரிமை கொடுத்தது. ஒரு தட்டுக்கு இத்தனை காசு என்று எழுதியவருக்குக் கட்டிவிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் பாடலாம். பாடியவளின் குரல் நெளிவுக்கும், மூச்சு விடுகிற இடத்துக்கும், அவள் சேர்த்த சிரிப்புக்கும் உரிமை கிடையாது. ஒலிப்பதிவுக்கே மத்தியச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1972-இல்தான். எழுத்துக்குச் சொத்துரிமை உண்டு, குரலுக்கு இல்லை. யாரிடம் எழுத்து இருந்தது, யாரிடம் குரல் மட்டும் இருந்தது என்று யோசித்தால் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று புரியும்.

லவெர்ன் பேக்கர் சும்மா இருக்கவில்லை. 1955-இல் மிச்சிகன் மாநிலத்தின் கறுப்பர் இனக் காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதி, அந்தச் சட்டத்தை மாற்றக் கோரினார். சட்டம் அப்போது மாறவில்லை. ஆனால் ஒரு பாடகி தன் பிரச்சினையைத் தனிப்பட்ட புலம்பலாக விடாமல், சட்டத்தின் மேல் வைத்துக் கேட்டாளே, அது அரசியல்.

இன்னொரு போராளி ரூத் பிரவுன். 1928-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். 1950-இல் அவர் பாடிய ‘டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை அய்ஸ்’ 11 வாரம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். அவர் பாட்டுகளின் விற்பனையில்தான் அட்லாண்டிக் கம்பெனி நிமிர்ந்தது. ‘ரூத் கட்டிய வீடு’ என்றே அந்தக் கம்பெனிக்குப் பட்டப்பெயர். அறுபதுகளில் வீடு கட்டியவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வேறு வீடுகளில் வேலைக்காரியாக இருந்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார்.

எப்படி? பதிவுக் கூடத்து வாடகை, வாத்தியக்காரர் கூலி எல்லாவற்றையும் பாடகியின் பங்கிலிருந்து கழிப்பார்கள். கழித்துக் கழித்துக் கடைசியில், நீதான் எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று காட்டுவார்கள். பண்ணையில் முன்பணம் வாங்கிய கூலி, வருடக் கடைசியில் பண்ணையாருக்கே கடன்காரனாக நிற்பான் இல்லையா, அதே கணக்கு. பருத்தி வயலில் இருந்த நோட்டுப் புத்தகம் இசைக் கம்பெனிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

எண்பதுகளில் ஹவல் பெகிள் என்ற வழக்கறிஞரோடு சேர்ந்து ரூத் பிரவுன் பல வருடம் போராடினார். 1988-இல் கம்பெனி இறங்கி வந்தது. அவருக்கும் அவர் காலத்து 35 கலைஞர்களுக்கும் ‘கடன்’ ரத்து, 20 வருடத்து ராயல்டி பாக்கி என்று ஒப்புக்கொண்டது. அதே வருடம் பழைய கலைஞர்களுக்கு உதவ ரிதம் அண்ட் ப்ளூஸ் அறக்கட்டளையும் உருவானது. நான் இந்த இடத்தில் எப்போதும் நின்று யோசிப்பேன். தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். கூட இருந்தவர்களுக்கும் சேர்த்து வாங்கினார். கலகக் குரல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இப்போது உங்களில் சிலர் கேட்கலாம், அப்படியானால் எல்விஸ் திருடனா என்று. எல்விஸ் மிசிசிப்பியில் பரம ஏழை வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர். கறுப்பர் இசையை உண்மையாக நேசித்துக் கேட்டு வளர்ந்தவர். அவரைத் திருடன் என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். அதனால் யாருக்கும் நட்டமில்லை, கல்லாப்பெட்டிக்கும் நட்டமில்லை. கேள்வி ஒரு பையனின் நேர்மை பற்றியது அல்ல. ஒரே பாட்டுக்கு ஒருத்தருக்கு அரண்மனையும் இன்னொருத்தருக்கு 500 டாலரும் கொடுக்கிற ஏற்பாடு பற்றியது. இசைக்கு நிறமில்லை என்று சொல்கிறார்களே, இருக்கட்டும். செக்குக்கு நிறம் இருந்தது.

இசைக்குப் பிறகு நினைவு. ராக் அண்ட் ரோல் புகழரங்கத்தில் 1986-இல் முதல் வரிசைக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது அதில் ஒரு பெண்கூட இல்லை. கறுப்பு ஆண்கள் இருந்தார்கள், வெள்ளை ஆண்கள் இருந்தார்கள். நிறத்தைக் கடந்து ஆண்கள் ஒன்றாக நின்றார்கள். அடுத்த வருடம்தான் முதல் பெண்ணாக அரீதா ஃப்ராங்கிளின் உள்ளே போனார். லவெர்ன் பேக்கருக்கு 1991. ரூத் பிரவுனுக்கு 1993. ரோசெட்டா தார்ப்புக்கு 2018. பிக் மாமா தார்ன்டனுக்கு 2024. கடைசி இரண்டு பேரும் செத்து நாற்பது வருடத்துக்கும் ஏறத்தாழ நாற்பது வருடத்துக்கும் பிறகு.

அறுபதுகளில் அமெரிக்கா ரோசெட்டாவை மறந்துவிட்டிருந்தது. 1964 மே மாதம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக நிகழ்ச்சி எடுத்தார்கள். மழை பெய்கிறது. எதிர் நடைமேடையில் வெள்ளைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஈரத்தில், நீளக் கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைக் கிடாரை மாட்டிக்கொண்டு அந்த அம்மா வாசிக்கிறார். அந்தப் படம் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்க. 49 வயதுப் பெண் ஒருத்தி கிடாரோடு விளையாடுகிற மகிழ்ச்சியைப் பார்த்தால் நான் சொன்ன தேதிகள் எல்லாம் மறந்துபோகும். மறக்கட்டும், பரவாயில்லை.

1970-இல் பக்கவாதம். சர்க்கரை நோயில் ஒரு கால் போனது. 1973 அக்டோபர் 9 அன்று பிலடெல்ஃபியாவில் இறந்தார். அவர் கல்லறையில் கல் இல்லை, பெயர் இல்லை. அதே 1973 ஆகஸ்டில் மெம்ஃபிஸ் மின்னி ஏழ்மையில் இறந்திருந்தார். அவர் கல்லறையிலும் கல் இல்லை. 1984-இல் பிக் மாமா தார்ன்டன் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை விடுதி அறையில் 57 வயதில் இறந்தார். மின்னிக்கு 1996-இல், போனி ரைட் என்ற வெள்ளைக் கிடார் கலைஞர் கொடுத்த பணத்தில் கல் வைத்தார்கள். ரோசெட்டாவுக்கு 1998-இல் அமெரிக்க அரசு தபால் தலை வெளியிட்டது. தபால் தலையில் முகம் இருந்தது, கல்லறையில் பெயர் இல்லை! 2008-இல் ஒரு கச்சேரி நடத்திப் பணம் திரட்டிய பிறகுதான் கல் வந்தது. கேல் வால்ட் என்ற ஆராய்ச்சியாளர் அவர் வாழ்க்கையை எழுதிய புத்தகம் 2007-இல் வந்தது. புத்தகம் எழுதினால் கல் வருகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பர் தலைவர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் நம் இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயர் எடுத்துத் தலித் சிறுத்தைகள் ஆனார்கள். சிறுபத்திரிகைகளில் கறுப்பர் கவிதைகளை மொழிபெயர்த்தோம், மால்கம் எக்ஸைப் படித்தோம். நல்லது. ஆனால் நம்மிடம் வந்து சேர்ந்த கறுப்பர் வரலாற்றிலும் பெரும்பாலும் ஆண்கள்தான் இருந்தார்கள். பாட்டு வரவில்லை. பாடிய பெண்கள் வரவே இல்லை. அவர்களை மறந்த குற்றத்தில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கு.

கடைசியாக ஒன்று. இந்தப் பேச்சுக்காகப் பழைய காகிதங்களைத் தேடியபோது, நாங்கள் நடத்திய கூட்டங்களின் நோட்டீஸ்கள் கிடைத்தன. பேச்சாளர்கள் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில், பட்டத்தோடு. கீழே ஒரு வரி: ‘கலை நிகழ்ச்சி நடைபெறும்.’ அந்தக் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்தது பேச்சு இல்லை, பாட்டுதான். பாடிய பெண்கள் பெயர் ஒரு நோட்டீஸில்கூட இல்லை. எனக்குச் சிலர் முகம் ஞாபகம் இருக்கு, பெயர் ஞாபகம் இல்லை. அந்த நோட்டீஸ்களில் சிலவற்றை எழுதியவள் நான்தான்.

இன்றைக்கும் கூட்டம் தொடங்கும் முன்னால் ஓர் அக்கா இரண்டு பாட்டுப் பாடினார். அதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் நோட்டீஸைப் பார்த்தேன், அவர் பெயர் அதில் இல்லை. தேநீர் குடிக்கப் போகும் முன்னால் யாராவது போய் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்குங்க. இரண்டாவது பாட்டைக் கட்டியது யாருன்னும் கேளுங்க. ஊர், வருடம், யாரிடம் கற்றார் எல்லாத்தையும் எழுதுங்க. அவர் வந்துபோகிற பேருந்துக் காசு கொடுத்தாச்சா என்றும் பாருங்க.